கண் நன்றாக இருந்தும் படிக்க முடியாதவர்கள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். தக்காளி மண்டியில் அப்பாவுக்குக் கூடமாட நின்று, கூடைக் கணக்கை மனதிலேயே போட்டுவிடுவான். புத்தகத்தை விரித்தால் விரல் நின்றுவிடும். ‘கொய்யா’ என்று எழுதியிருக்கிறது. முதலில் கண்ணில் படுவது ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. ‘கெ’ என்பான், நிறுத்துவான், என் முகத்தைப் பார்ப்பான். வகுப்பில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர்.

பெற்றோர் கண்ணைப் பரிசோதிக்க அழைத்துப் போனார்கள். பார்வை நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். கண்ணில் கோளாறில்லை, அப்படியானால் இது திமிர்தான் என்று வீட்டில் அடி விழுந்தது. அதைக் கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை.

அச்செழுத்தைப் படிக்க முடியாமல் போவதற்குப் பார்வைக் குறை மட்டுமே காரணமல்ல. டிஸ்லெக்சியா என்கிற கற்றல் குறைபாடு ஒரு காரணம். தசைச்சிதைவு நோயால் புத்தகத்தைப் பிடிக்கவோ பக்கத்தைப் புரட்டவோ கை ஒத்துழைக்காதது இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில், டிஸ்லெக்சியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்காக நூல்களை ஒலியாகவும், விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயிலாகவும் மாற்ற வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை, 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்தது நம் நாடுதான். 2016இல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகமும் வந்தது. ஆனால் அந்தக் கதவு திறக்க, ‘இவரால் அச்செழுத்தைப் படிக்க முடியாது’ என்று தகுதியுள்ள ஒருவர் சான்று தர வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும், சொல்வதை எழுத ஆள் வேண்டும் என்றாலும் சான்றிதழ்தான் முதலில் கேட்பார்கள்.

சரி, எங்கே போவது? தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. மருத்துவ முகாம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை பற்றி அங்கே விசாரியுங்கள். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. கற்றல் குறைபாடு என்றால் குழந்தை மருத்துவர் பார்வையையும் செவியையும் பார்ப்பார். அதன்பின் உளவியலாளர் அறிவுத்திறனைச் சோதித்து, படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லிப் பார்ப்பார். ஒரே நாளில் முடியாமல் போகலாம். கூலி வேலையை விட்டுவிட்டு வரும் பெற்றோருக்கு அது கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனமாகச் செய்யுங்கள். ‘பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை’ என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால் போதாது. எந்த எழுத்தில் தடுமாறுகிறான், ஒரு பத்தி படிக்க எத்தனை நிமிடம் ஆகிறது, அதையே வாசித்துக் காட்டினால் பதில் சொல்கிறானா என்று விவரமாகச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடம் இதையே ஒரு கடிதமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, கேட்டால் மறுக்காமல் எழுதிக் கொடுங்கள். ஆதார், புகைப்படத்தோடு பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றையும் பையில் வையுங்கள். சிவப்பு மையில் அடித்துத் திருத்திய பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள், மருத்துவர் பார்க்க வேண்டியதே அவற்றைத்தான்.

நன்றி, வணக்கம்.