செல்லுக்குள் வாழும் பாக்டீரியா: காணாமல் போன டெல்டாவைத் தேடுவது எப்படி?

[திரையில்: இரண்டு ஜீனோம் (மொத்த டி.என்.ஏ.) வட்டங்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது]

இடது பக்கம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா, ஏறத்தாழ 46 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். வலது பக்கம் மனிதரைத் தொற்றி, செல்லுக்குள் மட்டுமே பெருகும் கிளமிடியா டிராக்கோமாட்டிஸ், 10 லட்சத்துச் சொச்சம்தான். ஓம்புயிரி தருவதைத் தானே தயாரிப்பானேன் என்று இப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் பல மரபணுக்களை இழந்துவிட்டன.

சரி, ஆனால் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியில் டெல்டா போன்ற ஒரு துணையலகு, அதாவது அதன் பாகமான ஒரு புரதம், இல்லை என்று ஜீனோமை அலசும் மென்பொருள் சொன்னால்? அது இல்லாமல் செல் பிழைக்காதே!

[திரையில்: பீட்டா வளையத்தை டி.என்.ஏ.வில் ஏற்றும் அமைப்பு, டெல்டா உட்பட ஐந்து துணையலகுகள்]

டெல்டாவை எடுத்துக்கொள்வோம். நகலெடுக்கும் நொதி டி.என்.ஏ.விலிருந்து நழுவாமல் பிடித்துவைப்பது பீட்டா என்னும் வளையம். அதைத் திறந்துவிடுவது டெல்டா. இனத்துக்கு இனம் இதன் அமினோ அமில வரிசை வெகுவாக மாறுவதால், வரிசையை மட்டும் ஒப்பிடும் பிளாஸ்ட் என்ற மென்பொருள் எளிதில் கோட்டை விடும். பல இனங்களின் வரிசைகளை அடுக்கிச் செய்த மாதிரியை வைத்துத் தேடினால் வாய்ப்பு கூடும். ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணிக்கும் புரத வடிவங்களையும் ஒப்பிடலாம்.

இங்கேதான் வம்பு. அதே அமைப்பின் மற்ற துணையலகுகளான டெல்டா பிரைம், டி.என்.ஏ.எக்ஸ் இரண்டும் டெல்டாவைப் போலவே மடிந்தவை. 'கிடைத்துவிட்டது' என்று நாம் குதிப்பது பெரும்பாலும் இந்தப் பங்காளிகளைப் பார்த்துத்தான். அதனால் இவை எந்தெந்த மரபணு என்று முதலில் அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் தேடுவதே நல்லது. அக்கம்பக்கமும் துப்பு தரும்: ஈ. கோலையில் டெல்டாவின் மரபணுவுக்கு அருகே லியூசின் டி.ஆர்.என்.ஏ. சிந்தெடேஸ் என்ற, புரதம் கட்ட உதவும் நொதியின் மரபணு இருக்கிறது; தேடும் ஜீனோமிலும் அதன் அருகே பார்க்கலாம்.

அப்புறம் சோதனை. ஈ. கோலையில் டெல்டாவைச் செயலிழக்கச் செய்து, நாம் கண்டெடுத்த மரபணுவைச் செருகினால் அது வளர்கிறதா? வளர்ந்தால் வலுவான சான்று. வளராவிட்டால் உடனே கைவிட வேண்டாம். வேற்று இனத்துப் புரதம் ஈ. கோலையின் மற்ற துணையலகுகளோடு பொருந்தாமல் போயிருக்கலாம்.

வேறு நொதி அந்த இடத்தைப் பிடித்திருக்கவும் கூடும். கிளமிடியாவில் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் பாதையில் சில படிகளுக்கான மரபணுக்கள் அகப்படவில்லை. அவற்றை ஒரே தாவலில் கடக்கும் டாப்-எல் என்ற நொதி அதனிடம் இருப்பது 2006-இல் தெரியவந்தது.

[திரையில்: மாவுப்பூச்சி, அதனுள் டிரெம்ப்ளாயா என்ற பாக்டீரியா, அதற்குள் மோரனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா]

காணாமல் போன மரபணு ஓம்புயிரியிடமே இருக்கவும் கூடும்; எனக்குப் பிடித்த விடை இது. மோரனெல்லாவின் செல்சுவருக்குத் தேவையான மர்-எஃப் நொதியின் மரபணு மாவுப்பூச்சியின் ஜீனோமில் இருக்கிறது, அதுவும் எப்போதோ வேறொரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது! மரபணு பூச்சியிடம் இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது அல்லவா? புரதம் மோரனெல்லாவுக்குள் போய்ச் சேர்வதையும் 2019-இல் காட்டினார்கள்.