பெட்டிங் பீட் எழுதப் போறீங்களா? முதல்ல ரேட்டைப் படிக்கக் கத்துக்குங்க

வணக்கம் மக்களே. புதுச்சேரி துத்திப்பட்டு கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியில நின்னு பேசுறேன். நடுவுல லாரி சத்தம் வரும், பொறுத்துக்குங்க.

விளையாட்டுச் செய்தி எழுதுறவங்க சட்டப்படி நடக்குற பந்தயத்தைப் பத்தியும் சேர்த்து எழுதுற வேலை இருக்கு பாருங்க, இன்னைக்கு அதைப் பத்திதான். வெளிநாட்டுல இது தனி பீட், அதாவது ஒரு நிருபர் தொடர்ந்து எழுதுற தனித் துறை. அமெரிக்காவுல விளையாட்டுப் பந்தயத்துக்குப் பெரும்பாலான மாநிலங்கள்ல தடையா இருந்த பாஸ்பா சட்டத்தை 2018 மே மாசம் அந்த ஊரு சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு மாநிலமா கதவு திறந்தது, பத்திரிகைகளும் இதுக்குன்னே ஆள் எடுத்தாங்க. இங்கிலாந்துல 2005 சூதாட்டச் சட்டத்துக்குக் கீழ ஒரு ஆணையம் இருந்து லைசென்ஸ் குடுக்குது. நம்ம ஊர்ல இங்கிலீஷ் நல்லா எழுதுற பசங்களுக்கு அங்க இருந்து வேலை வருது. வேலை அங்க இருந்து வந்தாலும், எழுதுற நாற்காலி கடலூர்லயோ வில்லியனூர்லயோதான் இருக்கு. அதனால நம்ம சட்டத்தை முதல்ல பார்த்துடுவோம்.

பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்புல மாநிலப் பட்டியல், 34-வது இனம். குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டுன்னு 1996-ல லட்சுமணன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனாலதான் ரேஸ் கோர்ஸ்ல பெட் கட்டுறது சட்டத்துக்குள்ள நிக்குது. ஆன்லைன் கதை வேற. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டம், திறமையா அதிர்ஷ்டமான்னு பார்க்கவே இல்ல. காசு வெச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாதுன்னுடுச்சு. நடத்துறவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம். எழுதுறவங்க கவனிக்க வேண்டியது அடுத்த வரி: விளம்பரம் பண்ணா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம். இந்திய அணி ஜெர்சில இருந்து ஃபேன்டசி கேம் கம்பெனி ட்ரீம்11 பேரு காணாமப் போனது இந்தச் சட்டத்தாலதான்.

சரி, ரேட்டுக்கு வருவோம், அதாவது ஜெயிச்சா எவ்வளவு தருவோம்னு பந்தயக் கம்பெனி போடுற விலை. இந்த பீட்ல பாதி வேலை இதுதான், இதுலதான் பாதிப் பேர் சொதப்புறாங்க.

ஸ்க்ரீன்ல பாருங்க. ரெண்டு டீம் ஆடுற ஒருநாள் மேட்ச். ஏ டீமுக்கு 1.80, பி டீமுக்கு 2.05. இது டெசிமல் ரேட். நூறு ரூபா கட்டி ஏ ஜெயிச்சா, கட்டின காசோட சேர்த்து 180 கையில வரும். இதையே இங்கிலாந்துப் பேப்பர்ல 4/5, 21/20-னு போடுவான். அமெரிக்காக்காரன் மைனஸ் 125, ப்ளஸ் 105-னு போடுவான். மூணும் ஒரே விலைதான். எடிட்டர் எந்த நாட்டு வாசகருக்குக் கேட்கிறாரோ அந்த முறையில குடுங்க. ஒரே கட்டுரையில ரெண்டைக் கலந்தா ஓடுது கத்தரி.

இப்ப 1-ஐ 1.80-ஆல வகுங்க, 55.56 சதவீதம். 1-ஐ 2.05-ஆல வகுங்க, 48.78. கூட்டினா 104.34. நூறுக்கு மேல நிக்குதே அந்த 4.34, அதுதான் கம்பெனியோட மார்ஜின். பாதிப் பேர் இங்கதான் விழுறாங்க. "ஏ ஜெயிக்க 55.56 சதவீதம் வாய்ப்பு"னு அப்படியே எழுதிடுறாங்க. மார்ஜினைக் கழிக்கணும். 55.56-ஐ 104.34-ஆல வகுத்தா 53.25 சதவீதம் வரும், மிச்சம் 46.75 பி-க்கு. மார்ஜினை எப்படிப் பிரிச்சுக் கழிக்கிறதுன்றதுல வேற முறைகளும் இருக்கு. செய்திக் கட்டுரைக்கு இது போதும்.

டெஸ்ட் மேட்ச்னா டிராவுக்கும் தனி விலை உண்டு. ரெண்டு டீமுக்கும் 3.00 ரேட் இருக்குன்னு பார்த்துட்டு "ஆளுக்குப் பாதி வாய்ப்பு"ன்னு எழுதுவாங்க. தப்பு. அங்க ஒவ்வொருத்தருக்கும் மூணுல ஒரு பங்கு மாதிரிதான் ஆச்சு, மீதியை டிரா சாப்பிடுது.

விலையை எழுதும்போது நேரமும் சேர்ந்தே வரணும். டாஸுக்கு முன்னாடி ஒரு ரேட், டாஸ் போட்டதும் வேற ரேட், பதினோரு பேர் லிஸ்ட் வந்ததும் இன்னொரு ரேட். "மாலை 6:40, இந்திய நேரப்படி, இன்ன நிறுவனத்தோட விலை"ன்னு ஒரு வரி போடுங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. லண்டன் கோடையில நம்மளைவிட நாலரை மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்துல அஞ்சரை. இந்த ஒரு மணி நேரத்துல ரேட் மாறி, எழுத்தாளர் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

நாம எழுதுறதே விலையை நகர்த்தும்ன்றதை மறந்துடாதீங்க. 2023 ஜூன், என்பிஏ டிராஃப்ட், அதாவது அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் அணிகள் புது ஆட்டக்காரங்களை வரிசையா தேர்ந்தெடுக்குற நிகழ்ச்சி. ரெண்டாவது தேர்வா ஸ்கூட் ஹெண்டர்சன் பேரு அடிபடுதுன்னு நிருபர் ஷம்ஸ் சரானியா ட்வீட் போட்டாரு. அதுவரைக்கும் முன்னாடி இருந்த பிராண்டன் மில்லரோட விலை அடியோட மாறுச்சு. கடைசியில ஷார்லட் அணி எடுத்தது மில்லரைத்தான். சரானியாவுக்கு அப்போ ஃபேன்டூயல் டிவியோட ஒப்பந்தம் இருந்தது, அது பந்தயக் கம்பெனியோட சேனல். அவர் வெளியிடுற செய்தி எங்களுக்கு முன்கூட்டி வராதுன்னு கம்பெனி விளக்கம் குடுத்துச்சு. அவர் தப்பு பண்ணாருன்னு யாரும் நிரூபிக்கல. ஆனா சம்பளம் ஒரு பக்கம், செய்தி ஒரு பக்கம்னு நின்னா இப்படி விளக்கம் குடுத்துக்கிட்டேதான் இருக்கணும். என் கருத்து கறாரானது: இந்த பீட்ல இருக்கிறவங்க ஒரு ரூபா பெட் கட்டக்கூடாது, சட்டம் அனுமதிச்ச நாட்டுல இருந்தாலும்.

குதிரைப் பந்தயம் எழுதணும்னா கணக்கே வேற, டோட் முறையைப் படிக்கணும். எல்லாரும் கட்டின காசு ஒரு பானையில சேரும். கிளப் பங்கும் வரியும் முதல்ல கழியும், மிச்சத்தை ஜெயிச்ச டிக்கெட்டுகளுக்குப் பிரிப்பாங்க. கணக்குக்காக ஒரு லட்சம் சேர்ந்துச்சுன்னு வைங்க, கழிவு போக 75,000. ஜெயிச்ச குதிரை மேல கட்டின காசு 15,000-னா ரூபாய்க்கு அஞ்சு ரூபா. டிவிடெண்ட், அதாவது இந்தப் பங்குத் தொகை, ஓட்டம் முடிஞ்சாதான் உறுதியாகும், அதனால முன்கூட்டி "இவ்வளவு கிடைக்கும்"னு எழுதவே கூடாது. குவினெல்லான்னா முதல் ரெண்டு, எந்த வரிசையானாலும் சரி. ஃபோர்காஸ்ட்னா அதே ரெண்டு, வரிசை மாறக்கூடாது. டானாலான்னா முதல் மூணும் வரிசையா. டோட்ல இல்லாம, நிலையான ரேட் குடுக்குற புக்கிகிட்ட கட்டினதுல முதலிடத்துக்கு ரெண்டு குதிரை சமமா வந்துட்டா, கட்டினதுல பாதிக்கு மட்டும்தான் விலை: 5.00 ரேட்ல 100 கட்டியிருந்தா 250 வரும்.

இப்ப வேலை வாங்குற இடம். தமிழ்ல எழுதத் தெரியும்னா உங்களுக்கு வர்ற முதல் மெயில் பெரும்பாலும் ஒரு "ஸ்போர்ட்ஸ் நியூஸ்" சைட்ல இருந்துதான் வரும். தினமும் நாலு மேட்ச் ப்ரிடிக்ஷன், வார்த்தைக்கு இவ்வளவுன்னு. அந்த சைட்டோட லோகோவையும் பேரையும் கூகுள்ல தேடிப் பாருங்க. அதே பேர்ல ஒரு பெட்டிங் ஆப் இருந்தா அது செய்தி சைட் இல்ல, மாறுவேஷ விளம்பரம். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபர்லயே இதைச் சொல்லி எச்சரிக்கை விட்டுச்சு. பக்கத்தோட அடிவரைக்கும் இறக்கிப் பாருங்க, ஆப் டவுன்லோட் லிங்க் அங்க ஒளிஞ்சிருக்கும்.

வெளிநாட்டு நிறுவனம்னா ஒப்பந்தத்துல மூணு விஷயம் எழுத்துல கேளுங்க. கட்டுரைக்குள்ள அஃபிலியேட் லிங்க், அதாவது வாசகரைப் பந்தயக் கம்பெனிக்கு அனுப்பி கமிஷன் வாங்குற லிங்க், வருமா, அதை யாரு போடுறாங்க. உங்க காசு கட்டுரைக்கா, இல்ல உங்க லிங்க் வழியா வந்து கணக்குத் தொடங்குற ஆளுக்கா. ரெண்டாவது மாதிரின்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. வாசகன் தோத்தா உங்களுக்குப் பங்குன்ற ஏற்பாடும் அந்தத் தொழில்ல சகஜம், அதுக்குப் பேரு ரெவென்யூ ஷேர். அந்தப் பக்கம் இந்தியாவுல திறக்குமான்றது மூணாவது கேள்வி. திறந்தா மேல சொன்ன 50 லட்சம் கண்ணுக்கு முன்னால வரணும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டுற செலவைப் பார்க்காதீங்க.

நம்ம ஊர் எழுத்தாளருக்குன்னு ஒரு பலம் இருக்கு, அதை யாரும் கண்டுக்கிறதில்ல. 2022-ல குஜராத் மெஹ்சானா மாவட்டம் மோலிபூர்ல ஒரு போலி ஐபிஎல்லையே நடத்தினாங்க. வயல்ல மேட்ச், விவசாயக் கூலியாட்களுக்கு ஜெர்சி மாட்டி ஆட்டத்துக்கு 400 ரூபா. யூட்யூப்ல லைவ், பெட் கட்டினது ரஷ்யாவுல இருந்த ஆளுங்க. கேமரா முழு மைதானத்தையும் காட்டவே இல்ல, கூட்டத்தோட சத்தம் நெட்ல இருந்து இறக்கினது. பக்கத்துல ஒரு நிருபர் நடந்து போய்ப் பார்த்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

அதனால மஞ்சக்குப்பத்துலயோ உப்பளத்துலயோ புதுசா ஒரு டோர்னமென்ட் லைவ் ஓடுதுன்னா நேர்ல போங்க. கிரிக்கெட் சங்கத்தோட அனுமதிக் கடிதம் கேளுங்க. அம்பயர் யாரு, எந்தப் பேனல்னு கேளுங்க. ஸ்கோர் ஷீட்டைக் கையில வாங்கி ஸ்ட்ரீம் ஸ்கோரோட ஒத்துப் பாருங்க. பவுண்டரி ஓரத்துல ஒருத்தர் ஒவ்வொரு பந்துக்கும் போன்ல முணுமுணுத்துக்கிட்டே இருந்தா கவனிங்க. லைவ் படம் சில வினாடி தாமதமா போகுது, அந்த இடைவெளியில காசு பண்ற வேலையா இருக்கலாம்.

ரஞ்சி மேட்ச் எழுதுறவங்களுக்கு இன்னொன்னு. "பத்திரிகைதான் சார், பிட்ச் எப்படி இருக்கு, அந்த பவுலருக்கு தோள்பட்டை வலியாமே"ன்னு தெரியாத நம்பர்ல இருந்து பேச்சு வரும். உங்க பத்திரிகையில வெளிவராத எந்தத் தகவலையும் போன்ல சொல்லாதீங்க, ஃப்ரெண்டா இருந்தாலும் சரி. நம்பரையும் நேரத்தையும் எழுதி வெச்சுக்கிட்டு முதல்ல எடிட்டர்கிட்ட, அடுத்து மேட்சுக்கு வந்திருக்கிற ஊழல் தடுப்பு அதிகாரிகிட்ட குடுத்துடுங்க.