கைப்பேசிக்குப் பின்னால் இருக்கும் முதலாளி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'மாறிவரும் வேலை உலகுக்குக் கத்தோலிக்கச் சமூகப் போதனை வழிகாட்டுமா, காலாவதியாகிவிட்டதா?' என்பது தலைப்பு. உழைப்பையும் கூலியையும் பற்றித் திருத்தந்தையர், அதாவது போப்புகள், எழுதிய மடல்களில் வளர்ந்ததுதான் இந்தப் போதனை. வழிகாட்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் சொன்னார்: "1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ எழுதிய சுற்றுமடல் ஆலைச் சங்கு ஊதிய காலத்துக்கானது. இன்றைக்குச் சங்கும் இல்லை, ஆலை வாசலும் இல்லை. செயலி இருக்கிறது, விருப்பப்பட்டவர் வேலை எடுக்கிறார்."

ஐயா, அந்தக் காலத்து வாசல் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோம். 1889, லண்டன் துறைமுகம். வாசலில் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேஸ்திரி கைகாட்டுகிறவருக்கு வேலை, அதுவும் சில மணி நேரத்துக்கு. மற்றவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். காத்துக் கிடந்த நேரத்துக்குக் காசு கிடையாது. அவர்கள் மணிக்கு 6 பென்ஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, இடையில் நின்று பேசித் தீர்க்கப் பாடுபட்டவர் கத்தோலிக்கத் திருச்சபையின் 81 வயதுக் கர்தினால் மேனிங். கேட்ட 6 பென்ஸ் கிடைத்தது. அடுத்த இரண்டாம் ஆண்டு வந்ததுதான் நண்பர் சொன்ன லியோவின் மடல், 'ரேரும் நொவாரும்'.

இப்போது இன்றைய ஆளைப் பாருங்கள். சாலையோரம் வண்டியை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறார். கட்டைவிரல் திரைக்கு மேலேயே நிற்கிறது. ஆர்டர் வந்தால் சில நொடிக்குள் தொட வேண்டும். தவறினால் அது அடுத்தவருக்குப் போய்விடும். தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போதும் கண் திரையை விட்டு அகலவில்லை. காத்திருந்த நேரத்துக்கு இவருக்கும் காசு இல்லை. மேஸ்திரியின் கைதான் கண்ணுக்குத் தெரியவில்லை, வாசல் அதேதான்.

"அவராகத்தானே ஒப்புக்கொண்டார்?" இந்தக் கேள்வி 1891இலேயே வந்துவிட்டது. லியோவின் பதிலைச் சுருக்கிச் சொல்கிறேன். இருவரும் மனமொத்துப் பேசிய கூலியாகவே இருந்தாலும், அதற்கு மேலே பழைய நீதி ஒன்று உண்டு. சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கப் போதாத கூலி கூலியாகாது. வேறு வழியில்லாமல் தலையாட்டுகிறவர் வன்முறைக்கு ஆளானவர் என்றே அந்த மடல் சொல்கிறது. செயலியில் 'ஏற்கிறேன்' என்று தொடுகிற விரலுக்கும் இது பொருந்துமா இல்லையா?

அதே மடல் பெண்ணுக்கு இயல்பான இடம் வீடு என்றும் எழுதியது. அதைக் காக்க நான் இங்கே வரவில்லை. அது அந்தக் காலத்தின் குறை. ஆனால் குறையோடு பிறந்த இந்தப் போதனை அங்கேயே நின்றுவிடவில்லை.

1981க்கு வாருங்கள். 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' மடலை எழுதிய திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், போர்க்காலத்தில் கல் குவாரியிலும் ரசாயன ஆலையிலும் உடலுழைப்பு செய்தவர். இயந்திரம் மனிதனுக்குத் துணை. அவன் வேலையைப் பறித்து அவனை ஓரங்கட்டும்போது அதுவே பகையாகிறது என்று அன்றைக்கே எழுதினார். 2025 மே மாதம் புதிய திருத்தந்தை 14ஆம் லியோ தம் பெயருக்குக் காரணம் சொன்னபோது, 13ஆம் லியோவின் மடலையும் இன்றைய செயற்கை நுண்ணறிவையும் சேர்த்தே சொன்னார்.

அந்த 1981 மடலில் என்னை நிறுத்தி வைத்த சொல் ஒன்று உண்டு: 'மறைமுக முதலாளி'. கையில் கூலி கொடுப்பவர் மட்டும் முதலாளி அல்லர். அந்த வேலையின் நிபந்தனைகளைத் தீர்மானிக்கிற நிறுவனங்கள், ஒப்பந்தங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அரசு, இவர்களும் பொறுப்பாளிகள். செயலி நிறுவனம் "நாங்கள் முதலாளியே இல்லை, இணைத்து வைக்கிறோம், அவ்வளவுதான்" என்று சொல்லப்போவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கதவை அடைத்த சொல் இது!

நடுவர் மணியை எடுத்துவிட்டார். ஒன்றே ஒன்று. நான் சொன்ன அந்த வண்டிக்காரர் நாளைக் காலை கைப்பேசியைத் திறக்கிறார். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. காரணம் எழுதவில்லை, அழைத்தால் பேச ஆளில்லை. அவர் யாரிடம் போய் நியாயம் கேட்பது? எங்கள் அணியிடம் 1981லிருந்து பதில் இருக்கிறது. எதிரணியிடம் இருக்கும் பதிலை அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.