ஐரோப்பாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு

வணக்கம் நேயர்களே.

கோடை விடுமுறையில் மாணவர்களுடன் ஐரோப்பா போகும் ஆசிரியர்களுக்காக இன்று பேசுகிறேன். பாரிஸில் இறங்கி, சுவிட்சர்லாந்தில் லூசர்ன் பார்த்து, வெனிஸ் வழியாக ரோமுக்குப் போய் விமானம் ஏறும் பாதையை எடுத்துக்கொள்வோம். பெற்றோரும் கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் பள்ளியிடம் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்பது விளங்கும்.

நாற்பது மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்குப் போட்டு நான்கு பேரை அனுப்புவது பலருடைய வழக்கம். அது போதாது. ஐந்தாவதாக ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஓர் ஆசிரியர் நாள் முழுக்க ஹோட்டலிலோ மருத்துவமனையிலோ இருக்க வேண்டிவரும். பாஸ்போர்ட் தொலைந்தால் ஒருவர் தூதரகத்தில் உட்கார வேண்டும். அப்போது மற்றப் பிள்ளைகளின் பயணம் நிற்கக் கூடாது. சுற்றுலா நிறுவனம் அனுப்பும் மேலாளரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். டிக்கெட், ஹோட்டல், வழிகாட்டி என்று அவருக்கு வேலை சரியாக இருக்கும். ஐவரில் பெண் ஆசிரியர் இருவராவது இருக்கட்டும். ஆளிலும் நேரத்திலும் கொஞ்சம் மிச்சம் வைத்துத் திட்டமிடுங்கள். இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான்.

முதலில் விசா. இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம் உண்டு. சில விண்ணப்பங்களை 45 நாள் வரை நிறுத்தி வைக்கவும் விதியில் இடமிருக்கிறது. மே மாதப் பயணம் என்றால் ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். கோடையில் விண்ணப்ப மையங்களில் நேரம் கிடைப்பதே பாடு. 12 வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளையும் கைரேகை வைக்க நேரில் போக வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் மூன்று இரவு, லூசர்னில் இரண்டு, இத்தாலியில் நான்கு என்றால், இறங்குவது பாரிஸாக இருந்தாலும் விசா இத்தாலியிடம். கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. படிப்புக்காகவோ பயிற்சிக்காகவோ போகும் மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. ஊர் சுற்றிப் பார்க்கும் பயணத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் இரண்டு விஷயம். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குத்தான் தருகிறார்கள். ஆறாம் வகுப்பில் எடுத்தது பத்தாம் வகுப்பில் முடியும் தறுவாயில் இருக்கும். ஷெங்கன் எல்லையை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். அடுத்தது பெயர். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இன்ஷியல் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து வேறு மாதிரி. சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். விமான டிக்கெட், காப்பீடு, விசா படிவம், பள்ளிக் கடிதம், பெற்றோர் சம்மதக் கடிதம் ஆகிய ஐந்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வர வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் தயாரித்தால் கண்டிப்பாகச் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யுங்கள். இன்னொருவர் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கட்டும்.

இனி பஸ் விவகாரம். பயண நிரல் பெரும்பாலும் குலைவது இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை எடுத்தாக வேண்டும். வேலை முடிந்தபின் 11 மணி நேர ஓய்வு. அதை 9 மணி நேரமாகக் குறைக்க அனுமதி உண்டு, ஆனால் ஒரு வாராந்தர ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று முறைக்கு மேல் கூடாது. வண்டியிலுள்ள டேக்கோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. போலீஸ் நிறுத்திப் பார்த்தால் தப்ப முடியாது. ஓட்டுநரைக் கெஞ்சியோ கூடுதல் பணம் தந்தோ பேசி முடிக்கிற விஷயமில்லை இது.

இதை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பாரிஸில் கடைசி இரவு ஈஃபிள் கோபுரத்தின் விளக்கலங்காரம் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. மே நடுவில் அங்கே சூரியன் மறையவே இரவு ஒன்பது மணி தாண்டிவிடும். இருட்டியபின் பார்த்துவிட்டு ஹோட்டலுக்குத் திரும்ப பதினொன்று. ஓட்டுநர் முழு ஓய்வு எடுத்தால் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வண்டி கிளம்பும். லூசர்ன் 600 கிலோமீட்டருக்கு மேல். ஓட்டும் நேரம் மட்டும் ஏழெட்டு மணி, இடைவேளைகள் சேர்த்தால் பத்து. இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் ஹோட்டல் சமையலறை மூடும் நேரம். ஆகவே விளக்கலங்காரத்தை முதல் இரவிலோ இரண்டாம் இரவிலோ வையுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு மெட்ரோவில் போய்வாருங்கள். ஓட்டுநர் காத்திருக்கும் நேரமும் அவருடைய வேலை நாளுக்குள்தான் அடங்கும் என்பதை நிரல் எழுதும்போதே நினைவில் வையுங்கள்.

நெடுஞ்சாலை நிறுத்தங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிரலில் 15 நிமிட நிறுத்தம் என்று எழுதியிருப்பார்கள். மாணவிகள் இருபது பேர், கழிப்பறை மூன்று, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் அதற்கே இருபது நிமிடம் ஆகிவிடும். ஓட்டுநரின் 45 நிமிட இடைவேளையையே உங்கள் நிறுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் கழிப்பறைக்குக் காசு உண்டு. ஜெர்மனி வழியாகப் போனால் நெடுஞ்சாலையில் பெரும்பாலும் ஒரு யூரோ. சில்லறைப் பை ஒன்று ஆசிரியர் கையில் இருக்கட்டும். சானிட்டரி நாப்கின் பெண் ஆசிரியரின் கைப்பையில் இருக்க வேண்டும்; பஸ்ஸின் அடியில் பூட்டிய பெட்டியில் இருந்தால் அவசரத்துக்கு உதவாது.

பிள்ளைகள் பிரிந்துபோவது நடக்கும் வழியில் அல்ல. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் கணத்தில்தான்: பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கழிப்பறையிலிருந்து வரும்போது, ரயில் கதவு மூடும்போது. அதனால் தலை எண்ணுவதை நகரும் முன் செய்யுங்கள், நகர்ந்த பிறகு அல்ல. நாற்பது பேரையும் பத்துப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். பஸ்ஸில் எண்ணை வரிசையாகச் சொல்லச் சொன்னால், தூங்கும் நண்பனுக்காகப் பக்கத்துப் பையன் குரல் கொடுத்துவிடுவான். அதே பழக்கத்தில், வண்டியில் ஏறாதவனுக்கும் கொடுத்துவிடுவான். ஆகவே ஆசிரியர் கண்ணால் தலையை எண்ண வேண்டும். அவர் எண்ணிக்கையும் குழுத் தலைவன் சொல்வதும் ஒத்துப்போனால்தான் வண்டி நகரலாம். ஜோடிக்குப் பதிலாக மூன்று மூன்று பேராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவனுக்கு முடியவில்லை என்றால் ஒருவன் கூட இருப்பான், மற்றவன் வந்து சொல்வான்.

பாரிஸ் மெட்ரோவுக்குத் தனி ஒத்திகை வேண்டும். ஒலி எழுந்ததும் சில நொடிகளில் கதவு மூடிவிடும், நமக்காகக் காத்திராது. நாற்பது பேரும் ஒரே கதவில் முண்டியடித்தால் பாதிப் பேர் நடைமேடையில் நிற்பார்கள். நான்கு குழுவும் நான்கு கதவுகளுக்கு நேரே முன்னதாகவே நிற்கட்டும். குழு ஆசிரியர் முதலில் ஏறட்டும். ஐந்தாவது ஆசிரியர் நடைமேடையில் நின்று எல்லோரும் ஏறிய பின் கடைசியாக ஏறட்டும். அப்படியும் யாராவது விடுபட்டால் விதி இதுதான்: நடைமேடையில் நிற்பவன் அங்கேயே நிற்க வேண்டும், அடுத்த ரயிலில் ஏறக் கூடாது. ரயிலில் தனியாக மாட்டிக்கொண்டவன் அடுத்த நிலையத்தில் இறங்கி, அதே நடைமேடையில் நகராமல் நிற்க வேண்டும். ஆசிரியர் தேடி வருவார். இதை எல்லாப் பிள்ளைகளும் வாய்விட்டுச் சொல்லும் வரை முதல் ரயிலில் ஏறாதீர்கள். பயணச்சீட்டு ஆளுக்கு ஒன்று, வெளியே வரும் வரை கையில் இருக்க வேண்டும். பரிசோதகர் கேட்கும்போது இல்லையென்றால் அபராதம். இத்தாலியில் வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் ஒரு சீட்டு: அன்றைய ஹோட்டலின் பெயரும் முகவரியும், இரண்டு ஆசிரியர்களின் எண்கள், அவசர உதவிக்கு 112. அந்த எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் வேலை செய்யும். ஃபோன் சார்ஜ் தீர்ந்துபோனாலும் சீட்டு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சிம் சுவிட்சர்லாந்தில் சில திட்டங்களில் இயங்காது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது? பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். நாற்பதையும் ஒரே பையில் போட்டு ஓர் ஆசிரியர் தோளில் மாட்டுவது அதைவிட ஆபத்து. பத்துப் பத்தாகக் குழு ஆசிரியர்களே வைத்திருக்கட்டும், சட்டைக்குள் அணியும் தட்டைப் பையில். ஹோட்டலில் பதிவு செய்யக் கேட்பார்கள். கொடுத்ததை எண்ணித் திரும்ப வாங்குங்கள். பிள்ளைகளிடம் நகல் போதும். ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லை தாண்டும்போது வழக்கமான சோதனை கிடையாதென்றாலும், வழியில் நிறுத்திக் கேட்கலாம். ஆகவே அன்றைக்குப் பாஸ்போர்ட்டுகள் பஸ்ஸுக்குள் இருக்க வேண்டும், அடியிலுள்ள பெட்டிகளில் அல்ல.

தொலைந்துவிட்டால் முதலில் காவல் நிலையத்தில் புகார். அதன் நகலோடு இந்தியத் தூதரகம். பாரிஸ், பெர்ன், ரோம் நகரங்களில் தூதரகமும், மிலானில் துணைத் தூதரகமும் உண்டு. அவசரச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். அது இந்தியா திரும்புவதற்கு மட்டும்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாஸ்போர்ட் நகல், விசா நகல், இரண்டு புகைப்படம், பெற்றோர் சம்மதக் கடிதம் அடங்கிய உறை தயாராக இருந்தால் ஒரு நாள் மிச்சமாகும். அதே உறையில் சிகிச்சைக்கான பெற்றோர் அனுமதியும், ஒவ்வாமை விவரமும் இருக்கட்டும். மருத்துவமனை என்றால் காப்பீட்டு உதவி எண்ணுக்கு முதலில் தகவல் சொல்லுங்கள், எல்லா ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

பிக்பாக்கெட் பயம் நியாயமானதே. பாரிஸில் ட்ரோக்கடேரோ, சாக்ரே கேர் தேவாலயப் படிகள். ரோமில் டெர்மினி நிலையம், 64-ஆம் எண் பஸ். சாக்ரே கேர் படிகளில் ஒருவர் வந்து பிள்ளையின் மணிக்கட்டில் நூல் கட்டத் தொடங்குவார், பிறகு காசு கேட்பார். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தால் கட்ட முடியாது. கையெழுத்துக் கேட்டு அட்டையோடு வருபவர்களிடம் நிற்க வேண்டாம். மெட்ரோவில் கதவருகே ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கதவு மூடும் கணத்தில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

விடுமுறை நாட்களைச் சரிபாருங்கள். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை கிடையாது, வெர்சாய் அரண்மனை திங்கட்கிழமை கிடையாது. வத்திக்கான் அருங்காட்சியகம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். மே 1 அன்று மூன்றுமே இல்லை. வத்திக்கானில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பையில் ஒரு துப்பட்டா போதும். வெனிஸில் பஸ் ட்ரோன்கெட்டோ வரைதான் போகும், அங்கிருந்து படகு. பகலில் வந்து திரும்பும் பயணிகளுக்குச் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு, 14 வயதுக்குக் கீழ் இல்லை. வெனிஸின் நிலப்பகுதியான மெஸ்த்ரேயில் தங்கினாலும் இல்லை, ஆனால் விலக்குக் குறியீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவைக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் மலையில் கேபிள் கார் 3,020 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். மேலே பனியைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடுவார்கள், பத்தாவது நிமிடத்தில் தலை சுற்றும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அவன் பையிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டுபோகலாம். பால்கோவா, நெய், இறைச்சி எதுவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களுக்குத் தடை. மாம்பழமும் கறிவேப்பிலையும் அப்படித்தான்.

இரவில் ஆசிரியர் அறைகள் மாணவர் அறைகள் இருக்கும் அதே மாடியில் இருக்க வேண்டும். எந்த ஆசிரியரும் மாணவர் அறைக்குள் தனியாகப் போகக் கூடாது. இருவராகப் போய்க் கதவைத் திறந்தே வையுங்கள். முதல் இரவே அவசர வழியில் எல்லோரையும் ஒரு முறை நடத்திக் காட்டுங்கள். பெற்றோர் குழுவில் தினமும் ஒரே செய்தி, அங்கே மாலை ஆறு மணிக்கு. இங்கே அப்போது இரவு ஒன்பதரை. பெற்றோர் தூங்கும் முன் சேர்ந்துவிடும்.

திரும்பும் நாளில் ரோம் விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே போங்கள். இப்போது எல்லையில் கைரேகை, முகப்படப் பதிவு முறை வந்துவிட்டதால் குழுவுக்கு நேரம் பிடிக்கும். பவர் பேங்க் எல்லாம் கைப்பெட்டிக்கு மாறட்டும். சென்னையில் வெளியே வந்ததும் பிள்ளையைப் பட்டியலில் உள்ள பெற்றோரிடம் மட்டும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். மாமாவோ சித்தப்பாவோ வந்திருந்தால், பெற்றோருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.