தேனுக்கு ஒரு பெட்டி, காய்ப்புக்கு ஒரு பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். தேனீப் பெட்டி எதற்கு என்று கேட்டால், தேனுக்கும் ஆச்சு, மகசூலுக்கும் ஆச்சு என்பார்கள். இரண்டும் கிடைக்கும்தான். ஆனால் ஒரே பெட்டியிடம் ஒரே சமயத்தில் இரண்டையும் முழுசாக எதிர்பார்க்காதீர்கள் என்பேன்.

முதலில் தேன். ராணி இட்ட முட்டை, பணித்தேனீயாக வெளிவரச் சுமார் 3 வாரம். வந்தவுடன் அது பூவுக்குப் போய்விடாது. புழுக்களுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது என்று இன்னும் ஏறத்தாழ 3 வாரம் கூட்டுக்குள்ளேதான் வேலை. ஆக, இன்றைய முட்டை தேனீயாகி, மதுரம் என்கிற பூவின் இனிப்பு நீரைக் கொண்டுவர 6 வாரம் ஆகிவிடும். பூ மலர்ந்த பிறகு கூட்டத்தைப் பெருக்க நினைத்தால், தேனீ பெருகும் நேரத்தில் பூ முடிந்திருக்கும். அதனால் பூக்காலத்துக்கு 6 வாரம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரைப் பாகு கொடுத்து ராணியை முட்டையிடத் தூண்டுகிறோம். பூ தொடங்கியதும் பாகை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் தேன் அறைக்குப் போய்ச் சேரும். அதைத் தேன் என்று விற்பது நியாயமில்லை.

கூட்டம் பெருத்தால் குடி பிரியப் பார்க்கும், அதாவது ஒரு பகுதி தேனீ தனியாகப் பிரிந்து போகப் பார்க்கும். அப்போது அடையின் விளிம்பில் நிலக்கடலை மாதிரி, புது ராணி வளரும் ராணி அறைகள் தொங்கும். அவற்றைக் கிள்ளினால் மட்டும் போதாது, இடமும் கொடுக்க வேண்டும்.

மகரந்தச் சேர்க்கைக்குக் கணக்கே வேறு. மகரந்தம் முக்கியமாகப் புழுக்களை வளர்க்கத் தேவைப்படுகிறது. வளரும் புழு நிறைய இருந்தால்தான் தேனீ மகரந்தம் தேடி ஓடும். தேன் நிரம்பிய பெட்டி பார்க்க அழகு, வயலுக்கு அத்தனை உதவாது. பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் யாராவது மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தாக வேண்டும்.

பெட்டியை ரொம்ப முன்கூட்டியே வைக்காதீர்கள். பயிர் லேசாகப் பூக்கத் தொடங்கட்டும். முன்பே வைத்தால் பக்கத்தில் பூத்த களைக்குத் தேனீ பழகிவிடும். ஒரு பூவைப் பிடித்துக்கொண்டால் அது லேசில் மாறாது.

அப்புறம் மருந்து. பூத்திருக்கும்போது அடிக்காமலிருப்பதே நல்லது. தவிர்க்கவே முடியாது என்றால், தேனீ கூடு திரும்பிய பின் மாலையில் அடியுங்கள். தூள் மருந்து வேண்டவே வேண்டாம். உடம்பு ரோமத்தில் ஒட்டி, மகரந்தத்தோடு கூட்டுக்கே போய்விடும். பெட்டிக்காரருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரவில் வாசலை அடைத்து அவர் பெட்டிகளை எடுத்துப்போய்விடுவார்.

நன்றி, வணக்கம்.