காதில் ஒரு குரல், கையில் ஒரு பந்து

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஃபுட்பாலின் விதிகளை முழுக்கச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். இன்றைக்கு இவ்வளவு போதும்: நான்கு முயற்சிக்குள் பந்தை 10 கெஜம் முன்னே கொண்டு போக வேண்டும், போனால் மறுபடி நான்கு முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு திட்டம் உண்டு. அதற்குப் பெயர் பிளே. எந்த பிளே என்று சொல்வது பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச். அதை உள்ளே நடத்துவது குவாட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிபவர். அணி புள்ளிகளைக் குவித்தால் புகழ் யாருக்கு, சொதப்பினால் திட்டு யாருக்கு? அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தால் திங்கள் முழுக்க இந்தச் சண்டைதான்.

இதில் தீர்ப்புச் சொல்ல ஜாரட் காஃபைவிட நல்ல சாட்சி கிடைக்க மாட்டார். அவர் ஒரு குவாட்டர்பேக். 2016 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. அந்த ஆண்டு அவர் தொடங்கிய 7 ஆட்டங்களிலும் தோல்வி. சீசன் முழுக்க அணி எடுத்தது 224 புள்ளி, 32 அணிகளில் கடைசி இடம். ஆள் தேற மாட்டார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. 2017 ஜனவரியில் ஷான் மெக்வே தலைமைக் கோச்சாக வந்தார். வயது 30. அந்த சீசனில் அதே காஃபை வைத்துக்கொண்டு 478 புள்ளி, லீக்கிலேயே முதலிடம்!

புதிதாக ஆட்களும் வந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. குவாட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிளாக ஆண்ட்ரூ விட்வொர்த், எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களாக ராபர்ட் வுட்ஸ், கூப்பர் கப். ஆனால் ஓட்டக்காரர் டாட் கர்லி பழைய ஆள்தான். முந்தைய ஆண்டு 885 கெஜம் ஓடியவர் இப்போது 1,305 ஓடினார்.

மெக்வே செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அவருடைய ஓட்ட பிளேயும் எறியும் பிளேயும் முதல் ஒரு நொடி அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். வரிசை ஒரு பக்கமாக நகரும், காஃப் பந்தைக் கர்லியின் வயிற்றருகே நீட்டுவார். எதிரணியின் லைன்பேக்கர்கள், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்கள், ஓட்டம்தான் என்று நம்பி முன்னால் ஓரடி வைப்பார்கள். அவ்வளவுதான் வேண்டும். பந்து காஃப் கையிலேயே இருக்கும், அவர்கள் விட்டு வந்த இடத்தில் ரிசீவர் தனியாக நிற்பார். அந்த இடத்தை உண்டாக்கியது எறிந்தவரின் கை அல்ல.

இன்னொன்று ரேடியோ. 1994 முதல் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் கோச்சின் குரல் கேட்கும். அடுத்த பிளேக்கான கடிகாரம் 40 நொடியிலிருந்து இறங்கத் தொடங்கும், 15 நொடி மிச்சமிருக்கும்போது ரேடியோ அடங்கிவிடும். (கிரிக்கெட்டில் 1999 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்க கேப்டன் குரோன்யே காதில் கருவி மாட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கும். இந்தியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் முதல் தண்ணீர் இடைவேளையிலேயே கழற்ற வைத்துவிட்டார்கள்.) மெக்வே தன் அணியைச் சீக்கிரமே வரிசையில் நிறுத்திவிடுவார். எதிரணி எப்படி நிற்கிறது என்று தானே பார்த்து, நேரம் இருக்கும்வரை காஃபிடம் பேசுவார்.

சரி, அப்படியானால் எல்லாப் பெருமையும் கோச்சுக்கா?

2018 சீசனில் ராம்ஸ் 527 புள்ளி எடுத்து, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போனது. 2019 பிப்ரவரி 3, அட்லாண்டா. எதிரே கோச் பெலிசிக்கின் பேட்ரியாட்ஸ் அணி. சீசன் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு தடுத்த அணி, அன்று பெரும்பாலும் ஆளை விட்டு இடத்தைக் காத்தது. மெக்வேயின் பிளேகள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஆனாலும் மூன்றாவது கால்பகுதியில் ஒன்று பலித்தது. ரிசீவர் பிராண்டின் குக்ஸ், புள்ளி கிடைக்கும் கடைசிக் கோட்டுக்கு அப்பால் தன்னந்தனியாக நிற்கிறார், பக்கத்தில் ஒருவரும் இல்லை. காஃப் அவரைத் தாமதமாகத்தான் பார்த்தார். பந்தும் மெதுவாக மிதந்து போனது. பேட்ரியாட்ஸ் தடுப்பாளர் ஜேசன் மெக்கோர்ட்டி அத்தனை தூரம் ஓடி வந்து கடைசி நொடியில் தட்டிவிட்டார். ஆட்டம் 13-3 என்று முடிந்தது. தோற்றபின் மெக்வே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார், பெலிசிக் தன்னை முந்திவிட்டார் என்றார். அது பெருந்தன்மை. ஆனால் அந்த ஒரு பந்தை நான் காஃப் கணக்கில்தான் எழுதுவேன்.

மெக்வேயும் மனதுக்குள் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். 2021-இல் காஃபையும், அவரோடு டிராஃப்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும், ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்குக் கொடுத்து அதன் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கினார். கோச் அதே ஆள், கை மட்டும் வேறு. அந்த சீசனின் சூப்பர் பவுலில் 20-16 என்று பின்தங்கியிருந்தபோது, 79 கெஜப் பயணத்தின் நடுவே ஸ்டாஃபோர்ட் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் கப்புக்கு எறிந்தார். தடுப்பாளர் கண்ணை நம்பி நகர்ந்தார், பந்து அவர் விட்ட இடம் வழியாகப் போனது. எந்தத் தாளிலும் இதை வரைந்து கொடுக்க முடியாது. ராம்ஸ் 23-20 என்று வென்றது.

என் கணக்கு இதுதான்: சீசன் முழுக்கப் புள்ளி சேர்ப்பதில் பிளே சொல்பவருக்குப் பெரும்பங்கு. எதிரணி அந்தத் திட்டத்தைப் படித்துவிட்ட நாளில் குவாட்டர்பேக்கைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் காஃப் என்ன ஆனார்? டெட்ராய்ட்டில் 2022 முதல் பென் ஜான்சன் பிளே சொன்னார், காஃப் மறுபடி பூத்தார். 2024 ஜனவரியில், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் ஆட்டத்தில், எதிரே வந்து நின்றது அதே ராம்ஸ். 24-23 என்று வென்றார், அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்த ஆண்டு தொடங்கிய அடுத்த சீசனில் லயன்ஸ் 564 புள்ளி, 15 வெற்றி, 2 தோல்வி. பிறகு 2025 ஜனவரியில் வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் 45-31 என்று சொந்த மண்ணில் வீழ்ந்தார்கள். அன்று ஐந்து முறை பந்தை எதிரணியிடம் விட்டார்கள். நான்கு காஃப் கையிலிருந்து போனவை. ஐந்தாவது, ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸைக் குவாட்டர்பேக் போல எறியச் சொன்ன ஒரு வித்தை பிளே. அது யார் கணக்கு என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.