மின்கட்டணத்தை முடிவு செய்பவரை யார் முடிவு செய்கிறார்?

[காட்சி: வீட்டு மின் மீட்டர். எண்கள் மெல்ல நகர்கின்றன.]

கரண்ட் பில் ஏறினால் நாம் முதலில் திட்டுவது அமைச்சரை. ஆனால் சட்டப்படி ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியவர் அமைச்சர் இல்லை, முதலமைச்சரும் இல்லை. அது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை. அந்த ஆணையத்தில் தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் மூன்று பேர். ஒரு மாநிலத்தில் உள்ள அத்தனை வீடுகளின், கடைகளின், ஆலைகளின் கட்டணமும் இந்த மூன்று பேர் போடும் ஆணையில் அடங்குகிறது.

சரி, அந்த மூன்று பேர் அங்கே எப்படி வந்து உட்காருகிறார்கள்?

[காட்சி: பழைய மின்கம்பங்கள். திரையில் ஆண்டுகள்: 1996, 1998, 2003.]

முன்பெல்லாம் மின்வாரியமே உற்பத்தி செய்யும், கம்பி இழுக்கும், கட்டணமும் வைக்கும். வாரியத்துக்கு மேலே அரசு. தேர்தல் நெருங்கினால் கட்டணம் ஏறாது, நஷ்டம் மட்டும் ஏறும். இதிலிருந்து வெளியே வர 1996-ல் ஒடிசாவில் நாட்டின் முதல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 1998-ல் மத்தியச் சட்டம், அடுத்த ஆண்டு தமிழ்நாட்டு ஆணையம், அப்புறம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் 2003 மின்சாரச் சட்டம்.

இந்தச் சட்டம் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறது. உறுப்பினராக வந்துவிட்டவரை அரசு நினைத்த மாத்திரத்தில் அனுப்ப முடியாது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அல்லது 65 வயது வரை. அதே பதவியில் மறுநியமனம் கிடையாது. ஆகவே அடுத்த முறைக்காக யாரையும் அனுசரித்துப் போக வேண்டிய அவசியமும் இல்லை. பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று சொல்லி நீக்க வேண்டுமென்றால், மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். வெளியே தள்ளும் கதவை இப்படி நன்றாகவே பூட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கவலை உள்ளே வரும் கதவைப் பற்றித்தான்.

[காட்சி: மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள்.]

உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு உண்டு. முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அதற்குத் தலைவர். மாநிலத் தலைமைச் செயலாளர் ஒருவர். மூன்றாவதாக, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் அல்லது மத்திய மின்சார ஆணையத்தின் தலைவர். ஒவ்வொரு காலியிடத்துக்கும் இந்தக் குழு இரண்டு பெயர்களைக் கொடுக்கும். அதில் ஒன்றை மாநில அரசு எடுத்துக்கொள்ளும்.

மேலோட்டமாகப் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் ஆணையத்தின் முன்னால் கட்டண மனுவோடு வந்து நிற்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் மின்விநியோக நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது. அந்த நிறுவனத்தின் நஷ்டம் கடைசியில் அரசின் தலையில்தான் விழுகிறது. அதாவது மனுதாரரின் முதலாளியே நடுவரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த முதலாளியின் மிக மூத்த அதிகாரி தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாய்க்கால் தகராறில்கூட இப்படி ஒரு பஞ்சாயத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

தகுதி என்று சட்டம் சொல்வது பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், மேலாண்மை. கடைசியில் இருக்கும் அந்த ‘மேலாண்மை’யைக் கவனியுங்கள். முப்பது வருடம் அரசு நிர்வாகத்தில் இருந்த எந்த அதிகாரியும் அதற்குள் அடங்கிவிடுவார். நேற்றுவரை அமைச்சருக்குக் கோப்பு எழுதியவர், ஓய்வு பெற்ற கையோடு அதே அரசின் நிறுவனத்தை விசாரிக்கும் இடத்துக்கு வரலாம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருக்கும் நுகர்வோருக்கு எப்படி நம்பிக்கை வரும்?

[காட்சி: காலி நாற்காலி ஒன்று.]

வேண்டியவரை நியமிப்பது ஒரு வழி. யாரையும் நியமிக்காமல் இருப்பது இன்னொரு வழி. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

டெல்லி ஆணையத்தின் தலைவர் பதவி 2023 ஜனவரியில் காலியானது. மாநில அரசு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பெயரைச் சொன்னது. துணைநிலை ஆளுநர் தரப்பில் இழுபறி. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நீதிபதி பிறகு தானே விலகிக்கொண்டார். ஜூன் மாதம் வேறொருவரை நியமித்து அறிவிப்பு வந்தது. மாநில அரசு அதை எதிர்த்தது, பதவியேற்பு தள்ளிப்போனது. முதலமைச்சரும் துணைநிலை ஆளுநரும் உட்கார்ந்து பேசி ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றது நீதிமன்றம். அதுவும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றமே, ஓய்வுபெற்ற நீதிபதி ஜெயந்த் நாத்தைத் தற்காலிகத் தலைவராக நியமித்தது. மின்கட்டணத்தைப் பார்க்க வேண்டிய ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய ஏழு மாதம்!

தமிழ்நாட்டிலும் ஒரு காலியிடம் நீதிமன்றம் வரை போனது. ஆணையத்தில் சட்டத்துறையைச் சேர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-ல் கட்டண உயர்வு மனுக்கள் விசாரணைக்கு வந்த நேரத்தில் இங்கே சட்ட உறுப்பினர் இடம் காலி. அந்த இடத்தை நிரப்பாமல் இறுதி ஆணை போடக் கூடாது என்றார் மதுரைக் கிளையின் தனி நீதிபதி. இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை விலக்கியது. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் வந்துவிட்டது. உயர்வு தேவையா இல்லையா என்பது தனிக் கேள்வி. முழு ஆணையம் உட்கார்ந்து எடுத்த முடிவு என்றால் ஏற்றுக்கொள்ள மனம் வரும்.

[காட்சி: வரைபடம் மாறுகிறது. அமெரிக்கா.]

அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வேறு மாதிரி. ஐந்து பேர். அதிபர் பெயர் சொல்வார், செனட் ஒப்புதல் தர வேண்டும். ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்க முடியாது. பதவிக்காலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் முடியும். அரசியல் இருக்கத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அங்கும் காலியிடம் படுத்தியிருக்கிறது. 2017 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை இரண்டே பேர் அல்லது அதற்கும் குறைவு. முடிவெடுக்கத் தேவையான மூன்று பேர் இல்லாமல் பெரிய எரிவாயுக் குழாய்வழித் திட்டங்களின் அனுமதிகள் அப்படியே நின்றன.

[காட்சி: மீண்டும் மின் மீட்டர்.]

இதற்கெல்லாம் விலை உண்டு. கட்டணத்தை ஏற்றவும் முடியாமல் விநியோக நிறுவனத்தின் செலவை மறுக்கவும் முடியாமல், ‘பிறகு வசூலித்துக்கொள்ளலாம்’ என்று ஆணையங்கள் ஒதுக்கி வைக்கும் பாக்கி வட்டியோடு வளர்கிறது. டெல்லியில் மட்டும் இது 27,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, கால வரம்புக்குள் தீர்க்கச் சொன்னது. இன்று பில் ஏறவில்லை என்று சந்தோஷப்பட்ட அதே நுகர்வோர்தான் நாளை அதை வட்டியோடு கட்டப்போகிறார்.

தேர்வுக் குழுவில் தலைமைச் செயலாளருக்குப் பதிலாக, அரசின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் வர வேண்டும். விண்ணப்பித்தவர்கள் யார், குழு சொன்ன இரண்டு பெயர்கள் எவை என்பது வெளியே தெரிய வேண்டும். இவை என் கருத்து, சட்டத்தைத் திருத்தினால்தான் நடக்கும்.

திருத்தாமலே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ஓர் உறுப்பினரின் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அரசு தேர்வுக் குழுவுக்கு எழுத வேண்டும், குழு மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 85-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. உங்கள் மாநில ஆணையத்தின் மூன்று பேருக்கும் பதவிக்காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அதிலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணுங்கள். அந்தத் தேதி தாண்டியும் கடிதம் போகவில்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டு ஏன் என்று கேட்கலாம்.